முதல் சட்டக் கட்டுரை எழுதுவது எப்படி: டெல்டாவிலிருந்து ஒரு வழிகாட்டி

கும்பகோணத்தில் என் ஆபீசுக்கு வரும் ஜூனியர்களும், திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் சட்டம் படிக்கும் பிள்ளைகளும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "சார், டெக்னாலஜி லா பத்தி ஒரு கட்டுரை எழுதணும், என்ன தலைப்பு எடுக்கலாம்?" நான் வாய் திறப்பதற்குள் அவர்களே தலைப்பையும் சொல்லிவிடுவார்கள்: "செயற்கை நுண்ணறிவும் அரசமைப்புச் சட்டமும்". அந்தத் தலைப்பில் எழுத எனக்கே தெரியாது. உலகத்தில் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அதனால் இந்தக் குறிப்புகள். சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு, கோர்ட்டில் முதல் இரண்டு ஆண்டு, இந்த வயதில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கணக்கு பார்ப்பவர்களுக்கும் நிருபர்களுக்கும் பாதி பயன்படலாம்.

தலைப்பைத் தேடாதீர்கள், காகிதத்தைத் தேடுங்கள்

ஒரு நாள் பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கோயில் நிலம் இரண்டு ஏக்கர், மூன்று தலைமுறையாகக் குத்தகை. மஞ்சள் பையிலிருந்து குத்தகை ரசீதுகளை எடுத்து மேசையில் பரப்பினார். விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கிறார்களே, அந்த முகாமுக்குப் போயிருக்கிறார். பட்டா யார் பெயரில் என்று கேட்டிருக்கிறார்கள். கோயில் பெயரில். அவ்வளவுதான், திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"தம்பி, வயல்ல நான் இருக்கேன். கம்ப்யூட்டர்ல நான் இல்லேங்கறாங்க."

என் மேசையில் இருந்த ஜூனியரிடம் சொன்னேன், இதோ உன் கட்டுரை என்று. அவருக்கு நம்பிக்கையில்லை. "இது ரெவின்யூ மேட்டர் சார், டெக்னாலஜி லா இல்லையே" என்றார். இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். தொழில்நுட்பச் சட்டம் என்றால் பெங்களூரில் நடப்பது என்ற நினைப்பு. நம் ஊர் ரேஷன் கடையில் விரல் வைக்கும் கருவி, கொள்முதல் நிலையத்துக்கு ஆன்லைன் பதிவு, சிட்டா அடங்கல் இணையத்தில் வருவது, இவையெல்லாம் வேறு என்ன? நடவு நட்டு நட்டு ரேகை தேய்ந்துபோன கையை அந்தக் கருவி ஏற்க மறுக்கும்போது, வாழ்வுரிமையைக் காக்கும் அரசமைப்புச் சட்டத்தின் உறுப்பு 21 அந்தக் கடை வாசலுக்கே வந்து நிற்கிறது.

சரி, காகிதம் கிடைத்துவிட்டது. கேள்வியாக்குவது எப்படி? ஜூனியர் முதலில் எழுதியது: "குத்தகை விவசாயிகளும் டிஜிட்டல் இந்தியாவும்". இது கேள்வியே இல்லை, திருமண மண்டபத்துக்கு வைக்கும் பெயர் மாதிரி இருக்கிறது. நல்ல கேள்வியில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: ஒரு குறிப்பிட்ட சட்டம், ஒரு குறிப்பிட்ட செயல், இரண்டுக்கும் நடுவில் ஓர் உரசல். மூன்று வாரம் கழித்து எங்கள் கேள்வி இப்படி வந்து நின்றது: "நிலப் பட்டாவை மட்டும் அடிப்படையாக வைத்து விவசாயி எண் தரும்போது, 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி பெயர் பதிவான குத்தகைதாரரை விட்டுவிடுவது, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்னும் உறுப்பு 14க்கு ஒத்துவருமா?"

பார்த்தீர்களா, நீளமாக இருக்கிறது, அழகில்லை. ஆனால் ஆம் அல்லது இல்லை என்று வாதாட முடிகிறது. அதுதான் சோதனை.

அந்த 1969 சட்டம் ஜூனியருக்குத் தெரியாது. சட்டக் கல்லூரியில் யாரும் சொல்லவில்லை. தஞ்சை ஜில்லாவில் குத்தகை வரலாறு சட்டத்தோடு பின்னிக் கிடக்கிறது. இந்த ஜில்லாவுக்கென்றே 1952ல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு 1955ல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969ல் பதிவேட்டுச் சட்டம். யார் உழுகிறார் என்று எழுதி வைக்க அரசே ஒரு பதிவேடு போட்டு அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. புதிய தரவுத்தளம் அந்தப் பதிவேட்டைத் திரும்பிப் பார்க்காமல் பட்டாவோடு நின்றுவிட்டால், உரசல் அங்கேதான்.

இதே முறையில் இன்னும் இரண்டு கேள்வி சொல்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். 2020ல் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. தஞ்சாவூர், திருவாரூர், அன்று மயிலாடுதுறையும் சேர்ந்திருந்த நாகப்பட்டினம், இவற்றோடு கடலூர், புதுக்கோட்டையில் சில ஒன்றியங்கள். புதிய ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்குத் தடை. ஆனால் விவசாயமும் நிலமும் மாநிலப் பட்டியலில், எண்ணெய் வயல்கள் மத்தியப் பட்டியலின் 53ஆம் பதிவில். 2023 மார்ச் கடைசியில் மத்திய நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று நம் பக்கத்துப் பகுதிகள் இடம்பெற்று, எதிர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டன. அன்று நீக்காமல் இருந்திருந்தால் எந்தச் சட்டம் நின்றிருக்கும்? இரண்டாவது கேள்வி கம்பெனிச் சட்டம் பற்றியது. அதைக் கீழே அதன் இடத்தில் சொல்கிறேன்.

முதலில் சட்டப் பிரிவு, அப்புறம்தான் மற்றவர் கட்டுரை

எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். பத்துக் கட்டுரையைப் பதிவிறக்கி, அதிலிருந்து வெட்டி ஒட்டி, கடைசியில் சட்டத்தைப் புரட்டுவார்கள், அல்லது புரட்டவே மாட்டார்கள். நீங்கள் சட்டத்தை எடுத்து முதலில் படியுங்கள். இந்தியா கோடு இணையதளத்தில் மத்தியச் சட்டங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, மாநிலச் சட்டங்களும் நிறைய இருக்கின்றன. அச்செடுத்து, பேனாவோடு உட்காருங்கள். திரையில் படித்தால் மண்டையில் நிற்பதில்லை. இது என் கட்சி.

பழக்கத்துக்கு ஒரு சின்ன விஷயம்: அரசமைப்புச் சட்டத்தில் இருப்பதை "உறுப்பு" என்றும், மற்ற சட்டங்களில் இருப்பதைப் "பிரிவு" என்றும் எழுதுங்கள். கலந்து எழுதினால் படிப்பவர் முதல் பக்கத்திலேயே மூடிவிடுவார்.

எடுத்துக்காட்டாக, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். சிறிய சட்டம், 44 பிரிவுதான். ஒரே மாலையில் முடிக்கலாம். படிக்கும்போது நான்கு இடத்தில் நின்று பாருங்கள்.

முதலில் அமலுக்கு வந்த தேதி. சட்டம் நிறைவேறுவதும் நடைமுறைக்கு வருவதும் வேறு வேறு. இந்தச் சட்டத்துக்கு 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. விதிகள் வந்தது 2025 நவம்பரில். அப்போதும் எல்லாப் பிரிவும் உயிர் பெறவில்லை. தரவைக் கையாள்பவர்களின் கடமைகள் போன்ற முக்கியமான பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம். ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவல் பற்றிய 8(1)(ஜே) விலக்கைத் திருத்தும் பகுதி உடனே அமலுக்கு வந்துவிட்டது. மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்பதால் கடைமடை வயல் நனைந்துவிட்டது என்று எழுதுவீர்களா? மாட்டீர்கள். சட்டத்துக்கும் அதே கவனம் வேண்டும்.

இரண்டாவது, வரையறைகள். "தரவு", "செயலாக்கம்", "தனிநபர் தரவு" என்ற சொற்களுக்கு நீங்கள் நினைக்கும் பொருள் செல்லாது, பிரிவு 2 சொல்லும் பொருள்தான் செல்லும்.

மூன்றாவது, விலக்குகள். இந்தியச் சட்டங்களில் உரிமை முன்வாசலில் நுழையும், விலக்கு கொல்லைப்புறமாக வரும். பிரிவு 17ஐப் படிக்காமல் இந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள்.

நான்காவது, உரிமைப் பிரிவின் முதல் வாக்கியம். எங்கள் பெரியவர் விஷயத்தில் முழுக் கட்டுரையும் இங்கிருந்துதான் பிறந்தது. பிரிவு 12 தரவைத் திருத்தவும் முழுமையாக்கவும் அழிக்கவும் உரிமை தருகிறது. ஜூனியர் மகிழ்ச்சியோடு வந்தார், "சார், திருத்தும் உரிமை இருக்கு". இன்னொரு தடவை படி என்றேன். எந்தத் தரவுக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறோமோ, அந்தத் தரவுக்குத்தான் அந்த உரிமை. அரசு மானியம், சலுகை, சான்றிதழ் தருவதற்காகத் தரவைக் கையாள்வது பிரிவு 7(பி)யின் கீழ், சில நிபந்தனைகளோடு, தனியாக ஒப்புதல் கேட்காமலே நடக்கலாம். அப்படியானால் அந்தத் தரவுக்குத் திருத்தும் உரிமை கிடைக்குமா? முதல் ஓட்டை அது. இரண்டாவது ஓட்டை இன்னும் பெரிது. பெயர் தப்பாக இருந்தால் திருத்தச் சொல்லலாம். பெயரே இல்லை என்றால் எதைத் திருத்துவது? சட்டம் தரவுக்கு உரியவரைப் பாதுகாக்கிறது. தரவே இல்லாதவர் அதன் கண்ணில் படவே இல்லை.

இதை எந்தக் கட்டுரையிலிருந்தும் எடுக்கவில்லை. பிரிவை மூன்று தடவை படித்ததில் வந்தது. உங்களுக்கும் வரும்.

போகிற போக்கில் இன்னொன்று: இதே சட்டத்தின் பிரிவு 5, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலோ படித்துக்கொள்ள வழி செய்ய வேண்டும் என்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. உங்கள் ஊர் நகைக்கடன் செயலியைத் திறந்து, அதில் தமிழ் இருக்கிறதா என்று குறித்து வையுங்கள். அந்தப் பிரிவு முழுதாக அமலாகும் நாளில் அந்தக் குறிப்பே ஒரு கட்டுரையின் விதை.

தீர்ப்பைப் படிப்பது

இதில்தான் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தொடக்கத்திலேயே புட்டசாமி தீர்ப்பை எடுக்காதீர்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று சொன்ன தீர்ப்பு. முடிவு ஒன்று, ஆனால் எழுதிய கருத்துரைகள் ஆறு. 500 பக்கத்துக்கு மேல். முதல் தடவை இறங்குகிறவருக்கு அது கொள்ளிடத்தில் ஆடி வெள்ளம். பழக ஷ்ரேயா சிங்கல் வழக்கில் தொடங்குங்கள். 2015 மார்ச் 24, இரண்டு நீதிபதிகள், ஒரே கருத்துரை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்த தீர்ப்பு. பேச்சுரிமை, தெளிவில்லாத சொற்கள், இணைய நிறுவனங்களின் பொறுப்பு மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

படிக்கும் வரிசை இதுதான். முதலில் கடைசிப் பக்கம்: நீதிமன்றம் என்ன உத்தரவு போட்டது. அப்புறம் எந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டது. அப்புறம் நடந்த சம்பவம். இவ்வளவுக்குப் பிறகுதான் காரணங்கள். தனியார் ஜர்னல்களில் தீர்ப்புக்கு மேலே சுருக்கமாக ஒரு தலைக்குறிப்பு இருக்கும். அது பதிப்பாசிரியர் எழுதியது, நீதிபதி எழுதியது இல்லை. அதை மேற்கோள் காட்டினால் மானம் போகும்.

காரணங்களைப் படிக்கும்போது ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள்: இது வக்கீல் வாதமா, பழைய தீர்ப்பின் மேற்கோளா, நீதிமன்றத்தின் சொந்த முடிவா. நம் தீர்ப்புகளில் இந்த மூன்றும் பக்கம் பக்கமாகக் கலந்து ஓடும்.

அப்புறம் நீதிபதிகளை எண்ணுங்கள். நான் எண்ணவில்லை. என் முதல் கட்டுரை ஆதார் பற்றியது. 2018 செப்டம்பர் 26 தீர்ப்பு, ஐந்து நீதிபதிகள், நான்குக்கு ஒன்று. விரல்ரேகை ஒத்துப்போகாமல் ரேஷன் கிடைக்காதவர்களைப் பற்றி உருக்கமான வரிகள் சிலவற்றை எடுத்து, "உச்ச நீதிமன்றம் கூறியது" என்று எழுதி அனுப்பினேன். திரும்பி வந்த தாளில் ஒரே ஒரு வரி: "இது தீர்ப்பல்ல, மாற்றுக் கருத்து." நீதிபதி சந்திரசூட் தனியாக எழுதிய பக்கங்களிலிருந்து எடுத்திருந்தேன். பெரும்பான்மை ரேஷனுக்கும் மானியத்துக்கும் ஆதாரை அனுமதித்திருந்தது, தனியார் நிறுவனங்கள் பிரிவு 57ஐ வைத்து ஆதார் கேட்பதைத்தான் தடுத்தது. மூன்று மாத வேலை ஒரு வரியில் போயிற்று.

அதற்காக மாற்றுக் கருத்தை ஒதுக்கிவிடாதீர்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976ல், உயிருக்கான உரிமையைக்கூட நிறுத்தி வைக்கலாம் என்று நான்கு நீதிபதிகள் சொன்னபோது எச்.ஆர்.கன்னா மட்டும் ஒப்பவில்லை. 41 ஆண்டு கழித்துப் புட்டசாமி தீர்ப்பு அந்தப் பெரும்பான்மையைத் தூக்கி எறிந்தது. எறிந்ததை எழுதியவர் மகன் சந்திரசூட், 1976 பெரும்பான்மையில் இருந்தவர்களில் ஒருவர் அப்பா சந்திரசூட். ஆக, மாற்றுக் கருத்தை எடுத்தாளலாம், ஆனால் மாற்றுக் கருத்து என்று சொல்லிவிட்டு.

கடைசியாக, அந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் தன் பெயரைத் தீர்ப்பிலிருந்து நீக்கக் கோரிய வழக்கை 2021ல் நம் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் மதுரைக் கிளை அவருக்குச் சாதகமாகச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. நடுவில் ஏதாவது ஒரு மாதத்தில் படித்துவிட்டுக் கட்டுரை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எதிர்ப்பக்கமும் உண்டு. தீர்ப்பு ஒரு பிரிவைக் கொன்றாலும் ஊரில் அது நடமாடும். 66ஏ 2015ல் ரத்தானது. அதன் பிறகும் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட்டு, அந்த வழக்குகளை விடச் சொன்னது. தலைமடையில் திறந்தது கடைமடைக்கு வர ஏழு ஆண்டு. இதுவும் ஆய்வுப் பொருள்தான், அதுவும் நம்மைப் போல் கீழ்க்கோர்ட்டில் இருப்பவர்களுக்கே கைக்கெட்டும் ஆய்வுப் பொருள்.

எங்கே தேடுவது? உச்ச நீதிமன்றம் 2023ல் தொடங்கிய இ-எஸ்.சி.ஆர். தளத்தில் அதிகாரப்பூர்வமான தீர்ப்புகள் இலவசம். இந்தியன் கானூன் தளம் தேடுவதற்கு வசதி. சில தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது, புரிந்துகொள்ள அதைப் படியுங்கள், மேற்கோளுக்கு ஆங்கில மூலத்தை எடுங்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்பு தேடும்போது டெல்டாக்காரருக்கு ஒரு சங்கடம்: தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக் கிளையின் கீழ், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை சென்னையின் கீழ். கும்பகோணத்துக்காரர் வழக்கு மதுரைக்குப் போகும், அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய குத்தாலத்துக்காரர் வழக்கு சென்னைக்குப் போகும். ஒரே வாய்க்கால் பாசனம், இரண்டு கோர்ட். இரண்டிலும் தேடுங்கள்.

விகிதப் பொருத்தம்: ஒரே ஒரு கருவி

தொழில்நுட்பமும் அரசமைப்பும் சந்திக்கும் வழக்குகளில் பாதிக்கு மேல் ஒரே சோதனையில் வந்து நிற்கும். அரசு ஓர் உரிமையைக் குறுக்கினால்: நோக்கம் நியாயமானதா, எடுத்த வழி அந்த நோக்கத்துக்குப் போகிறதா, அதைவிடக் குறைவாகக் காயப்படுத்தும் வேறு வழி இருந்ததா, கடைசியில் கிடைத்த நன்மை இழந்ததற்கு ஈடாகுமா. ஆங்கிலத்தில் படிக்கும்போது பயமாக இருக்கும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதே என்று நம் பாட்டி சொன்னதுதான்.

இதைப் பழக நல்ல வழக்கு கிரிப்டோ வழக்கு. மெய்நிகர் நாணயம் வாங்கி விற்கும் நிறுவனங்களுக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லவில்லை. அதிகாரம் உண்டு, ஆனால் தன் கட்டுப்பாட்டில் உள்ள வங்கிகளுக்கு என்ன கேடு நேர்ந்தது என்று காட்டவில்லை என்றது. அதிகாரமும் அளவும் வேறு வேறு என்பது இதைவிடத் தெளிவாக எனக்கு வேறெங்கும் விளங்கியதில்லை.

மற்றவர் எழுதியதைப் படிப்பது

இப்போது கட்டுரைகளுக்கு வரலாம். நிறைய வேண்டாம், எட்டோ பத்தோ போதும். ஆனால் எதிரெதிராக நிற்பவர்களைத் தேடிப் படியுங்கள். ஒரே பக்கத்து ஆட்களைப் படித்தால் கட்டுரை எழுதத் தோன்றாது, தலையாட்டத்தான் தோன்றும்.

அமெரிக்காவில் ஜாக் பால்கின் என்ற பேராசிரியர் ஒரு கருத்தை முன்வைத்தார். டாக்டரும் வக்கீலும் நம் ரகசியத்தைத் தெரிந்துகொள்கிறார்கள், அதனால் நமக்கு நம்பிக்கையாக நடக்கக் கடமைப்பட்டவர்கள். அதேபோல் நம் தரவை வைத்திருக்கும் இணைய நிறுவனமும் நமக்கு நம்பிக்கைக் கடமை உள்ளது என்று சட்டம் கருத வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. 2019ல் ஹார்வர்டு லா ரிவ்யூவில் லினா கானும் டேவிட் போசனும் இதை மறுத்தார்கள். அந்த நிறுவனத்தின் இயக்குநர் ஏற்கெனவே பங்குதாரருக்குக் கடமைப்பட்டவர், பயனருடைய தரவைச் சுரண்டித்தான் பங்குதாரருக்கு லாபம் என்றால் இரண்டு எஜமானுக்கு எப்படி ஊழியம் செய்வார் என்பது அவர்கள் வாதத்தின் ஒரு முக்கியமான பகுதி. ஒரு கூடுதல் தகவல்: இதே லினா கான் மாணவியாக இருந்தபோது, 2017ல், அமேசான் பற்றி எழுதிய கட்டுரைதான் அவரை உலகம் அறியச் செய்தது. மாணவர் கட்டுரையை யார் படிப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்வேன்.

இப்போது நம் சட்டத்துக்கு வாருங்கள். 2023 சட்டம் தரவைக் கையாள்பவருக்கு வைத்த பெயரே "டேட்டா ஃபிடூஷியரி", அதாவது நம்பிக்கைக் கடமை உள்ளவர். பெயரில் மட்டுமா, கடமையிலும் அப்படியா? அடுத்து 2013 கம்பெனிச் சட்டத்தின் பிரிவு 166. இயக்குநர் பங்குதாரருக்காக மட்டுமல்ல, நிறுவனம், ஊழியர், சமூகம், சுற்றுச்சூழல் இவற்றின் நலனுக்காகவும் செயல்பட வேண்டும் என்கிறது. அப்படியானால் கான், போசன் வாதம் இந்தியாவில் அதே வலுவோடு நிற்குமா? அமெரிக்க நாற்றை அப்படியே பிடுங்கி வந்து நம் வயலில் நட்டுவிட்டுப் பயிர் எங்கே என்று கேட்கும் கட்டுரைகள்தான் நம்மிடம் அதிகம். மண் வேறு என்று ஒருவர் பார்த்து எழுதினாலே அது புதிய பங்களிப்பு.

நான் மேலே கடன் வைத்த இரண்டாவது கேள்வி இங்கே வருகிறது. நம் பகுதியில் எத்தனையோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இருக்கின்றன. இவை கூட்டுறவுச் சங்கம் இல்லை, கம்பெனிதான். 2002 திருத்தத்தில் பிறந்து, இப்போது கம்பெனிச் சட்டத்தின் 378ஏ முதலான பிரிவுகளில் இருக்கின்றன. பத்து உற்பத்தியாளர் சேர்ந்தால் தொடங்கலாம், தனிநபர்கள் உறுப்பினர் என்றால் எத்தனை பங்கு இருந்தாலும் ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு. இங்கே தரவு கொடுப்பவரும் விவசாயி, பங்குதாரரும் அதே விவசாயி. இரண்டு எஜமான் சிக்கலே இல்லாத கம்பெனி! அப்படியானால் பால்கின் சொன்னது இங்கே மட்டும் பொருந்துமோ? அந்த நிறுவனம் உறுப்பினர் பட்டியலை உரக் கம்பெனிக்கோ கடன் செயலிக்கோ கொடுத்தால் என்ன ஆகும்? எழுதுங்கள். நான் படிக்கக் காத்திருக்கிறேன்.

குறிப்பெடுக்க ஒரு வழி: நோட்டில் மூன்று பத்தி கோடு போடுங்கள். அவர் சொன்னது, அதற்கு அவர் காட்டிய ஆதாரம், எனக்கு வந்த சந்தேகம். மூன்றாவது பத்தி காலியாகவே இருந்தால் நீங்கள் இன்னும் படிக்கவில்லை, பக்கம்தான் புரட்டியிருக்கிறீர்கள்.

களம்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆட்களைப் பற்றிக் கேட்காதீர்கள். சுற்றறிக்கை, வழிகாட்டு நெறிமுறை, டெண்டர் ஒப்பந்த நகல், நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களின் எண்ணிக்கை, இப்படிக் கேளுங்கள். மேலே சொன்ன திருத்தத்துக்குப் பிறகு தனிநபர் தகவல் என்று சொல்லி மறுப்பது எளிதாகிவிட்டது.

மக்களிடம் பேசினால் பெயர், ஊர், சர்வே எண் மூன்றையும் மாற்றுங்கள் அல்லது விடுங்கள். பெரியவர் கொடுத்த ரசீதைப் படம் எடுத்து அப்படியே போட்டுவிட்டுத் தரவுப் பாதுகாப்பைப் பற்றிக் கட்டுரை எழுதுவது நன்றாக இருக்காது. குறுவை அறுவடை நேரத்தில் போய் யாரையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்காதீர்கள், அதுவும் ஓர் ஒழுக்கம்தான்.

எழுதுவது, அனுப்புவது

முதல் இரண்டு பக்கத்தைத் தமிழில் எழுதிப் பாருங்கள், கட்டுரை ஆங்கிலத்தில் போகப்போவதாக இருந்தாலும். ஆங்கிலத்தில் புரியாததைப் புரிந்த மாதிரி எழுதிவிடலாம், தமிழில் அது முடியாது, உடனே காட்டிக்கொடுத்துவிடும். முதல் பக்கத்திலேயே கேள்வியையும் உங்கள் பதிலையும் சொல்லிவிடுங்கள். இது துப்பறியும் கதை இல்லை. இணையத்தின் வரலாற்றில் தொடங்காதீர்கள். எதிர்வாதத்துக்கு ஒரு முழுப் பகுதி கொடுங்கள். எங்கள் கட்டுரையில் எதிர்வாதம் வலுவானது: எண் தருவது நிலத்தை அடையாளம் காணத்தானே, உழுபவரை அல்லவே என்று அரசு சொல்லலாம். உறுப்பு 14 வகைபிரிப்பைத் தடுக்கவில்லை, காரணமில்லாத வகைபிரிப்பைத்தான் தடுக்கிறது என்பது 1952ல் அன்வர் அலி சர்க்கார் வழக்கிலிருந்தே நிலைத்த கோட்பாடு. அதற்குப் பதில் சொல்ல ஜூனியருக்கு இரண்டு மாதம் ஆனது.

அடிக்குறிப்புகளை எழுதும்போதே போடுங்கள், கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் பாதி கிடைக்காது. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் தீர்ப்பு கேட்டால் இல்லாத தீர்ப்பையும் பெயர், எண்ணோடு தரும். 2023ல் நியூயார்க்கில் அப்படிப்பட்ட தீர்ப்புகளை மனுவில் காட்டிய வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. கண்ணால் திறந்து பார்க்காத எதையும் மேற்கோள் காட்டாதீர்கள், யார் சொல்லியிருந்தாலும், சீனியரே சொல்லியிருந்தாலும்.

அனுப்பும்போது ஓர் எச்சரிக்கை. "மூன்று நாளில் பிரசுரம், சான்றிதழ் உண்டு, கட்டணம் மட்டும் செலுத்தவும்" என்று வாட்ஸ்அப்பில் வரும். ஒரு தடவை நானும் கட்டினேன். பிரசுரமானது, என் பெயரில் எழுத்துப் பிழையோடு. யாரும் படித்துப் பார்த்துத் திருத்தவில்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும். சட்டப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களே நடத்தும் ஆய்விதழ்கள் இருக்கின்றன, தொழில்நுட்பச் சட்டத்துக்கென்றே பெங்களூர் தேசிய சட்டப் பள்ளியிலிருந்து ஓர் ஆய்விதழ் வருகிறது. ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பலாமா, எத்தனை சொல், எந்த மேற்கோள் முறை என்று அவர்கள் விதியைப் படித்துவிட்டு அனுப்புங்கள். பதிலுக்கு மாதக்கணக்கில் ஆகும். திருப்பி அனுப்பினால் கூடவே வரும் குறிப்புகளைப் பத்திரமாக வையுங்கள், காசு கொடுத்தாலும் கிடைக்காத டியூஷன் அது.

எங்கள் ஜூனியருடையது முதல் தடவை திரும்பி வந்தது. இப்போது இரண்டாவது இடத்தில் இருக்கிறது. நடுவில் அவர் அதைத் தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கி, பாபநாசம் போய்ப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். பெரியவர் கண்ணாடி போட்டு முழுதும் படித்தாராம். "எல்லாம் சரிதான் தம்பி. அந்த அறுபத்தொம்பது சட்டத்துல எம் பேரு பதிஞ்சிருக்கான்னு மொதல்ல பாத்தியா?"

பார்க்கவில்லை. வருகிற திங்கட்கிழமை தாலுகா ஆபீசுக்குப் போகிறோம்.